முகம் கடைசியில்தான்

என் கல்லூரி விடுதியின் குளியலறைக்குக் கதவு கிடையாது. பழைய கோணிச் சாக்கு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தோம். ஒருத்தி குளித்தால் இன்னொருத்தி வெளியே நின்று தெருவைக் கவனிக்க வேண்டும் என்பது நாங்களே வைத்துக்கொண்ட சட்டம். ராணுவ லாரிச் சத்தம் கேட்டால் காவல் நிற்பவள் இருமுவாள்; உள்ளே இருப்பவள் ஈரக் கைலியோடு சமையலறைக்குள் ஓடிவிடுவாள். லாரி நிற்காமல் போன பிறகுதான் மீதிக் குளியல். படித்த காலத்து வசதிகளை எழுதச் சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தச் சாக்குதான்.

ஜப்பான்காரன் ஆட்சியில் மருத்துவம் படித்தவள் நான். சண்டைக்கு முன்பு சிங்கப்பூரில் ஒரு வருடம் படித்திருந்தேன். பிறகு எல்லாம் மூடிக் கிடந்தது. ஜப்பானியர்கள் மறுபடியும் ஒரு மருத்துவக் கல்லூரியைத் தொடங்கி, கொஞ்ச காலத்தில் அதை மலாக்காவுக்கு மாற்றினார்கள். அங்கேதான் நான் போய்ச் சேர்ந்தேன். பெண்களுக்குக் காஜா பேராங்கில் ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், பங்களாவை ஒதுக்கியிருந்தார்கள். பங்களா என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கட்டில், நாற்காலி, ஜன்னல் திரை எல்லாவற்றையும் யாரோ முன்னமே அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். தரையில் பாய் விரித்துப் படுத்தோம். மத்தியானம் மரவள்ளிக்கிழங்கு, ராத்திரி மரவள்ளிக்கிழங்கு, அதிர்ஷ்டம் இருந்தால் கூடவே கொஞ்சம் கங்கோங் கீரை. நூலகம் என்று ஓர் அலமாரி. உடற்கூறு படிக்க எங்கள் வகுப்பு முழுவதற்கும் ஒரே ஒரு புத்தகம்தான் தேறியது. அதன் தையலைப் பிரித்து, கை தனியாக, கால் தனியாக, வயிறு தனியாகக் கட்டி வைத்திருந்தோம். கால் படிக்கிறவள் வந்து கையைக் கேட்டால் சண்டை வரும். எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது யாரும் சிரிக்கவில்லை.

கையுறை இல்லை, சோப்பும் இல்லை. பிணத்தைத் தொட்ட கையோடுதான் சாப்பிட வேண்டும். பக்கத்தில் மலாக்காச் செட்டிகள் வாழும் கிராமமான செட்டிக் கம்பத்து அக்கா ஒருவர் வேலியோரம் பிலிம்பிங் காய் பறித்துத் தருவார். நெற்றி நிறைய விபூதி, பேச்சு முழுக்க மலாய். அந்தப் புளிப்புக் காயை நசுக்கித் தேய்த்துக் கழுவினால் நாற்றம் பாதி போகும்.

இதெல்லாம் எல்லாருக்கும் இருந்த கஷ்டம். எனக்கு மட்டும் தனியாக ஒரு பயம் இருந்தது. அது என் அண்ணனைப் பற்றியது.

அண்ணன் எங்கள் ஊரான தம்பினில் பள்ளி ஆசிரியர். ஒளித்து வைத்த ரேடியோவில் ஆங்கிலச் செய்தி கேட்கிறான் என்று யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள். நான் மலாக்காவுக்குப் புறப்பட இருந்த சமயத்தில், காலைப் பசியாறிக்கொண்டிருக்கும்போது ராணுவப் போலீஸ் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனது. ரேடியோ இருந்தது உண்மைதான், கோழிக்கூண்டுக்கு அடியில். அவர்கள் அங்கே தேடவே இல்லை. ஆள் கிடைத்தது போதும் என்று போய்விட்டார்கள். அம்மா அன்றைக்கே அதைத் தூக்கிக் கிணற்றில் போட்டுவிட்டார்.

அப்பா முன்பே இறந்துவிட்டிருந்தார். வீட்டில் மிச்சம் நானும் அம்மாவும்தான். நான் துணிமூட்டை கட்டும்போது அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணன் பேர வாயில எடுத்துறாத பாப்பா. கேட்டா ஒத்தப் பிள்ளைனு சொல்லிரு. அவனையும் காப்பாத்த முடியாது, நீயும் போயிருவ."

கல்லூரியில் சேர்க்கும்போது மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வைத்துக்கொண்டு அதிகாரி கேட்டார், கூடப் பிறந்தவர்கள் யார் என்று. யாரும் இல்லை என்றேன். குரல் கொஞ்சங்கூட நடுங்கவில்லை.

மலாக்காவுக்கும் தம்பினுக்கும் இடையில் முன்பு ரயில் ஓடியது. அந்தத் தண்டவாளத்தைச் சயாமில், அதாவது தாய்லாந்தில், ரயில் பாதை போடுவதற்காகப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அம்மா கரிப்புகையில் ஓடும் பஸ்ஸில் இடம் கிடைக்கும்போது வருவார். விடுதிக்கு வர மாட்டார். ஜாலான் துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலில்தான் சந்திப்போம். கோயிலில் இரண்டு பெண்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்பது அம்மாவின் கணக்கு.

"ஏதாச்சும் தெரிஞ்சிச்சா?" என்று பிள்ளையாரைப் பார்த்துக்கொண்டே கேட்பார்.

"இல்லம்மா."

"இங்க மலாக்கா ஜெயில்லதான் வச்சிருக்காங்களாம். உள்ள இருந்து வெளிய வந்த ஒருத்தரு சொன்னாரு. ரொம்ப எளைச்சிட்டானாம். காச்சலாம்." பின்னால் யாரோ வரும் சத்தம் கேட்டதும் குரலை உயர்த்தி, "எம் மவளுக்கு நல்லா படிப்பு வரணும் சாமி" என்று வேண்டிக்கொண்டார்.

இது நடந்து கொஞ்ச நாளில் எங்கள் மேசைக்குப் பிணம் வந்தது.

உடற்கூறு படிப்பில் ஒரு முறை உண்டு, எல்லா நாட்டிலும் அப்படித்தான். முதலில் கை, கால். பிறகு நெஞ்சு, வயிறு. தலையும் கழுத்தும் கடைசிப் பருவத்தில். அதுவரை முகம் காய்ந்துவிடாமல் இருக்க, மருந்துத் தண்ணீரில் நனைத்த துணியால் தலையைச் சுற்றிக் கட்டி வைப்பார்கள். நாங்கள் சென்செய் என்று கூப்பிடும் எங்கள் ஜப்பானியப் பேராசிரியர் நரைத்த தலைக்காரர், அதிர்ந்து பேசாதவர். ஆனால் பிணத்தின் முன்னால் சிரித்த ஒரு மாணவனை அவர் அறைந்த அறை கூடம் முழுவதும் கேட்டது. ஃபார்மலின் தட்டுப்பாடு என்பதால் முகத்துணியை அவரே தன் கையால் கட்டினார். முறை வருமுன்னே யாராவது முடிச்சை அவிழ்த்தால் கல்லூரியை விட்டு அனுப்பிவிடுவேன் என்றார். தினமும் வேலை தொடங்குவதற்கு முன்பு நாங்கள் எல்லாரும் மேசையைச் சுற்றி நின்று, அந்த உடலுக்குக் குனிந்து வணங்க வேண்டும். கத்தியை அதற்குப் பிறகுதான் தொடலாம்.

என் மேசையில் தலை சுவர்ப் பக்கம், கால் கதவுப் பக்கம். கால் எனக்கும் என் அறைத் தோழியான சீனப் பெண்ணுக்கும். ஜன்னல் பக்கமிருந்த வலது கை, எங்கள் வகுப்பு யாழ்ப்பாணத்துப் பையனுக்கும் அவன் கூட்டாளிக்கும். யாழ்ப்பாணத்தான் நல்லவன். வாய்தான் சும்மா இருக்காது. முதல் நாளே என் காதருகில் குனிந்து சொன்னான்:

"உமக்குத் தெரியுமோ, இது ஜெயிலிலை இருந்து வந்த உடம்பாம்."

நான் கையில் வைத்திருந்த இடுக்கியைக் கீழே போட்டுவிட்டேன். குனிந்து எடுப்பதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டேன்.

நிமிர்ந்து அந்த உடலைப் பார்த்தேன். மெலிந்த ஆண். மருந்தில் ஊறித் தோல் கறுத்துச் சுருங்கிவிட்டது; நிறத்தை வைத்தோ கைவிரலை வைத்தோ ஒன்றும் சொல்ல முடியாது. வயதும் தெரியாது. உடம்பு முழுக்கச் சவரம் செய்திருந்தார்கள். உயரம் மட்டும் தெரிந்தது. என் அண்ணன் உயரம்.

எங்கள் நாட்டில் அந்த உயரத்தில் எத்தனை ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனசு கேட்டால்தானே.

உறுதி செய்ய ஒரு வழி இருந்தது. சிறுவயதில் அண்ணன் ரம்புத்தான் மரத்திலிருந்து விழுந்து வலது முன்கையை உடைத்துக்கொண்டான். கட்டு அவிழ்க்கும்வரை இடது கையால்தான் சாப்பிட்டான். அதைக் கேலி செய்து அவனிடம் குட்டு வாங்கியவள் நான். அதனால் எந்தக் கை என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. எலும்பு கொஞ்சம் கோணலாகத்தான் கூடியது. மணிக்கட்டுக்கு மேலே அழுத்தித் தொட்டால் முடிச்சு மாதிரி தட்டும். அன்று மாலை எல்லாரும் கை கழுவப் போனபோது நான் பின்தங்கி நின்று அந்த வலது முன்கையைத் தொட்டுப் பார்த்தேன். மருந்தில் ஊறிய சதை கட்டைபோல் இறுகியிருந்தது. ஒன்றும் தெரியவில்லை.

ஆக, அவர்கள் எலும்பு வரை அறுத்துப் போகும்வரை நான் காத்திருக்க வேண்டும். கைக்கு மாற்றிக் கொடுங்கள் என்று கேட்கலாம். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? முகத்துணியை அவிழ்த்தால் கதை முடிந்தது. கைதியின் தங்கை என்று தெரிந்தால் பேராசிரியர் விட்டாலும் ராணுவப் போலீஸ் விடாது. என்னோடு போகாது, அம்மாவையும் இழுத்துக்கொண்டு போவார்கள்.

அந்த நாட்களில் நான் காலைப் படித்த லட்சணத்தைச் சொல்லவே வேண்டாம். கண் புத்தகத்தில், காது ஜன்னல் பக்கத்தில். தோலை உரித்தார்கள். கொழுப்பை வழித்தார்கள். நரம்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து நூல் கட்டினார்கள். மேல்வரிசைத் தசையைத் தூக்கி ஒதுக்கினார்கள். ஒருநாள் தாங்க முடியாமல் புத்தகத்தின் கைப் பகுதியை எடுத்து என் பாய்க்கு அடியில் ஒளித்துவிட்டேன். புத்தகம் இல்லாமல் பேராசிரியர் மேலே போக விடமாட்டார். கையைத் தேடி விடுதியே அல்லோலகல்லோலப்பட்டது.

பாயைத் தட்டும்போது என் அறைத் தோழி அதைக் கண்டுபிடித்தாள். நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வோம், அதுவும் குரலை அடக்கி. அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் ஒரு வழி சொன்னாள்.

"உன் அண்ணனின் முகத்தில் அடையாளம் சொல். எல்லாரும் போன பிறகு நான் துணியை விலக்கிப் பார்க்கிறேன். மாட்டிக்கொண்டால் ஆர்வக்கோளாறு என்பேன்."

காதோரத்து மச்சத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். தெரியாத பயம் எனக்குப் பழகிவிட்டது. தெரிந்துவிடுமோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. வேண்டாம் என்றேன். மறுநாள் காலை அவள் கைப் பகுதியை அலமாரிக்குப் பின்னால் கண்டெடுத்ததாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்தாள்.

அந்த வாரமே எனக்கு மலேரியா. பாயில் கிடந்தேன். கொய்னா மாத்திரை கிடைக்காமல் ஏதோ கசப்பு இலையைக் கொதிக்க வைத்துக் குடித்து எழுந்தேன். தலை சுற்றச் சுற்றக் கூடத்துக்குப் போனபோது, உடலைக் குப்புறத் திருப்பிப் போட்டிருந்தார்கள். கையின் பின்பக்கம் படிக்கும் கட்டம் தொடங்கியிருந்தது. யாழ்ப்பாணத்தான் எப்போதும்போல் ஜன்னலோரம் நின்று குனிந்து வேலை செய்துகொண்டிருந்தான். நான் வணங்கிவிட்டு என் இடத்துக்குப் போகும் முன்பே கத்தினான்.

"இஞ்ச ஓடி வாங்கோ! பழைய முறிவு ஒண்டு! எப்பிடிப் பொருந்தியிருக்குது எண்டு பாருங்கோ!"

மேசை மேசையாக எல்லாரும் ஓடி வந்தார்கள். மாணவர்களுக்கு இதெல்லாம் கொண்டாட்டம். என்னையும் யாரோ முன்னால் தள்ளினார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் எலும்பு தெரிந்தது. மணிக்கட்டுக்கு மேலே, கட்டைவிரல் பக்கத்து எலும்பில், கோணலாகக் கூடிய ஒரு முடிச்சு.

நான் அழவில்லை. நன்றாக இருக்கிறது என்று எல்லாரோடும் சேர்ந்து தலையாட்டினேன். என் இடத்துக்குத் திரும்பிப் போய்க் கத்தியை எடுத்தேன். என் தோழி மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மேசைக்கு அடியில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. எழுதிவிடுகிறேன். நான் அந்தக் காலைத் தொடர்ந்து அறுத்தேன். நிறுத்தினால் கேள்வி வரும். வேறு மேசை கேட்டால் கேள்வி வரும். அழுதால் நிச்சயம் வரும். காலையில் எல்லாரும் குனிந்து வணங்கும் அந்த நேரம் ஒன்றுதான் எனக்குக் கிடைத்தது. மற்றவர்களைவிடக் கொஞ்சம் தாமதமாக நிமிர்வேன். "வலிக்காதுண்ணா, கொஞ்சம் பொறுத்துக்க" என்று மனசுக்குள் சொல்வேன். பேராசிரியர் என்னைச் சுட்டிக்காட்டி, வணங்குவது என்றால் இப்படி வணங்க வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொன்னார்.

அம்மா வந்தார். கோயிலில் வழக்கம்போல் பிள்ளையாரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். சொல்லாமல் இருக்கலாம் என்றுதான் போயிருந்தேன். ஆனால் அவர் அதற்குள் பாதியாகக் கரைந்திருந்தார். ரவிக்கை தோளில் நிற்கவில்லை. ராத்திரியில் நாய் குரைத்தாலும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன் என்றார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அண்ணன் செத்துட்டான்மா. எங்க காலேஜுல இருக்கான்."

அம்மா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டார். சத்தம் வெளியே வரவில்லை. தலைப்பை எடுத்துவிட்டுக் கேட்டார்.

"மொகத்தப் பாத்தியா?"

"மூடி வச்சிருக்காங்கம்மா. கையப் பாத்தேன். ஒடஞ்ச எடம்."

"கோணலாவா?"

"கோணலாதான்."

"நீ தொட்டியா பாப்பா?"

"தொட்டேன்மா."

"அப்ப சரி. நம்ம கை பட்டிருக்கு." எந்தக் கையால், எதை வைத்துத் தொட்டேன் என்று அவர் கேட்கவில்லை.

அய்யரைக் கூப்பிட்டுக் காரியம் செய்ய முடியாது. யாருக்கு என்று ஊர் கேட்கும். அம்மாவே ஒரு வழி கண்டுபிடித்தார். கிளேபாங் கடற்கரைக்கு இரண்டு பேரும் பட்டப்பகலில் கூடையோடு போனோம், சிப்பி பொறுக்குகிறவர்கள் மாதிரி. அரிசி இல்லை. அவித்த மரவள்ளிக்கிழங்கைப் பிசைந்து அம்மா உருண்டை பிடித்து வந்திருந்தார். எள்ளும் இல்லை. முழங்கால் தண்ணீரில் நின்று உருண்டையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவர் கண்ணை மூடியபோது, கரையில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

காவல் சிப்பாய் ஒருவன் துப்பாக்கியோடு வந்து நின்றான். இரண்டு பேரும் இடுப்பை வளைத்துக் குனிந்தோம். அவன் தண்ணீரில் இறங்கி வந்து அம்மாவின் கையைப் பார்த்து, உடைந்த மலாயில் இது என்ன என்று கேட்டான்.

"உம்பான், துவான்," என்றார் அம்மா. தூண்டில் இரை, ஐயா.

அவன் சிரித்தான். போடு, போடு என்று கையைக் காட்டினான். அவன் பார்த்துக்கொண்டே நிற்க, என் அம்மா தன் மகனுக்கான பிண்டத்தைக் கடலில் கரைத்தார். பிறகு நாங்கள் மறுபடியும் குனிந்தோம். அவன் போன பின்பும் ரொம்ப நேரம் சிப்பி பொறுக்கினோம், நிமிரப் பயந்துகொண்டு.

அதற்குப் பிறகு அம்மா தேறினார். இதுதான் எனக்கு ஆச்சரியம். அடுத்தடுத்த சந்திப்புகளில் அவர் முகத்தில் ரத்தம் ஊறியது தெரிந்தது. இப்போதெல்லாம் தூங்குகிறேன் என்றார். லாரி போனால் போகட்டும் என்று இருக்கிறது, இனிமேல் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போக அவர்களுக்கு என்ன இருக்கிறது என்றார். நான் இருக்கிறேனே அம்மா என்று கேட்க நினைத்தேன்.

நெஞ்சு முடிந்தது, வயிறு முடிந்தது. கடைசிப் பருவம் வந்தது. முகத்துணியை அவிழ்க்கும் நாள் காலையில் என் தோழி, வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு விடுதியிலேயே இரு என்று கெஞ்சினாள். நான் போனேன். அண்ணனின் முகத்தை யாரோ ஒருவர் மாதிரி மற்றவர்கள் பார்க்கும்போது, அவனுக்கு வேண்டியவர்கள் ஒருவராவது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம்.

எல்லாரும் வணங்கினோம். பேராசிரியர் முடிச்சை அவிழ்த்துத் துணியைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தார். முதலில் தாடை வந்தது. பிறகு வாய். முன்பல் ஒன்றுகூட இல்லை. கன்னம் ஒட்டிப்போன, வயதான மனிதர். புருவம் நரைத்திருந்தது. காதோரத்தில் மச்சம் இல்லை.

என் அண்ணன் இல்லை அது.

வேலை தொடங்கியதும் யாழ்ப்பாணத்தானிடம் மெதுவாகக் கேட்டேன், அந்த முறிவு வலது கையில்தானே இருந்தது என்று.

"வலக்கையோ? இல்லையே, இடக்கை எல்லோ. உடம்பைக் குப்புறப் போட்டனாங்கள். நாங்கள் நிண்ட இடத்திலைதான் நிண்டம், கையள்தான் பக்கம் மாறினது. ஒரு கையின்ரை முன்பக்கம், மற்றக் கையின்ரை பின்பக்கம் எண்டு சென்செய்தானே சொன்னவர். நீர் அண்டைக்குக் காய்ச்சலிலை படுத்திருந்தீர்."

மல்லாந்து கிடப்பவரைக் குப்புறப் புரட்டினால் அவருடைய வலது கை எதிர்ப்பக்கம் போய்விடும். குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் அவன் ஜன்னலோரம் நின்றால் அது வலது கை என்று என் மூளையில் பதிந்திருந்தது. காய்ச்சலும் பயமும் சேர்ந்துகொண்டால் படிப்பு எங்கே நிற்கிறது? அந்தக் கிழவர் எந்த மரத்திலிருந்து விழுந்தாரோ, அவர் வீட்டில் யார் கட்டுப் போட்டார்களோ, நான் அவரை என் அண்ணனாக்கித் துக்கம் காத்துவிட்டேன்.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். அப்பட்டமான சந்தோஷம். அண்ணன் செத்துப் போகவில்லை, குறைந்தபட்சம் இந்த மேசையில் இல்லை. மத்தியானம் கிழங்கை வாயில் வைக்கும்போதுதான் கிளேபாங் ஞாபகம் வந்தது. உயிரோடு இருக்கிறவனுக்குக் காரியம் செய்து கடலில் கரைத்துவிட்டோம். அப்படிச் செய்தால் ஆயுசு குறையும் என்பார்கள். மருத்துவம் படிக்கிற எனக்கு அது மூடநம்பிக்கை என்று தெரியும். தெரிந்து என்ன, கிழங்கைக் கீழே வைத்துவிட்டேன்.

"உன் அம்மாவிடம் சொல்லாதே," என்றாள் என் தோழி. "அவர் தூங்குகிறார் என்று நீதானே சொன்னாய்? தூங்க விடு."

நான் யோசித்தேன். சொல்லாமல் விட்டால் அம்மா நிம்மதியாக இருப்பார். ஆனால் அண்ணன் எங்கோ ஓர் அறையில் காய்ச்சலோடு கிடக்கும்போது, அவனுக்காக வேண்டிக்கொள்ள என்னைத் தவிர உலகத்தில் ஒருவரும் இல்லாமல் போய்விடும். அவன் செத்துவிட்டான் என்று நம்புகிற அம்மா எப்படி அவன் உயிருக்கு வேண்டுவார்? அதை நினைத்ததும் எனக்குக் கோபம் வந்தது. யார் மீது என்று தெரியவில்லை. சொல்லத்தான் வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அடுத்த முறை அம்மா நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். எனக்காக வாழையிலையில் ஏதோ பலகாரம் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். பிள்ளையாரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அது அண்ணன் இல்லம்மா. நான் கைய மாத்திப் பாத்துட்டேன். மொகத்த இப்பதான் தொறந்தாங்க. வேற யாரோ."

துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். என்னைக் கட்டிக்கொள்வார் என்று நினைத்தேன். அம்மா திரும்பி முதன்முறையாகக் கோயிலுக்குள் வைத்து என் முகத்தை நேராகப் பார்த்தார். அந்தக் கண்ணில் இருந்தது பயம். முன்பிருந்த அதே பயம் அப்படியே திரும்பி வந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன்.

"அப்ப மறுபடியும் மொதல்லேருந்தா பாப்பா?" என்றார்.

அப்படித்தான் ஆனது. ஜப்பான்காரன் போனான், வெள்ளைக்காரன் திரும்பி வந்தான், ஜெயில் கதவுகள் திறந்தன. அண்ணன் வரவில்லை. சயாம் ரயில் பாதை வேலைக்கு ஏற்றிவிட்டார்கள் என்றார் ஒருவர். ஜெயிலிலேயே முடிந்துவிட்டது என்றார் இன்னொருவர். நேரில் பார்த்தவர் யாரும் இல்லை. அந்தக் கல்லூரி மூடியதால் பாதியில் விட்ட படிப்பை முடித்து நான் டாக்டரானேன். ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் சொந்தக்காரர்கள் அம்மாவிடம் வந்து, இனிமேலாவது முறையாகக் காரியம் செய்துவிடலாமே என்பார்கள். அம்மா அவர்களுக்குப் பதில் சொல்ல மாட்டார். என் பக்கம் திரும்பி, "நீ சொல்லு பாப்பா, செய்யலாமா?" என்று கேட்பார்.

ஆஸ்பத்திரியில் எத்தனையோ தாய்மார்களிடம், உங்கள் பிள்ளை இறந்துவிட்டான் என்று நான் சொல்லியிருக்கிறேன். அது என் வேலை. என் அம்மாவிடம் அதை இரண்டாவது முறை சொல்ல எனக்குக் கடைசிவரை தைரியம் வரவில்லை.